ஏறலாமா மேடம்

பள்ளத்தூரில் அன்றைக்கு ஐப்பசி மழை
குறுக்கே பெய்தது.
ஊரணிக் கரை வேம்பு
கம்பியோடு சாய்ந்து படுத்துவிட்டது.
மூன்று தெரு இருட்டு.
என் கைப்பேசியில் நாற்பத்தேழு அழைப்புகள்:
ஒன்று சேர்மன், நான்கு அம்மா,
மற்றதெல்லாம் வியர்த்துக் கிடக்கும் ஊர்.

உதவிப் பொறியாளர் நான்.
இந்தப் பிரிவுக்கு வந்து ஐந்து மாதம்.
என் தருமபுரிப் பேச்சை
முதுகுக்குப் பின்னால் பேசிக் காட்டுவார்கள், தெரியும்.
அதற்காகவே குரலைத் தடிப்பாக வைத்திருந்தேன்,
மழைக்கோட்டுக்குள் இன்னொரு மழைக்கோட்டு.

ஃபியூஸ் பிடுங்கியாயிற்று.
கம்பத்தடியில் அடைக்கலம்,
இடுப்பில் கயிறு, வாயில் டார்ச்சு.
அதை எடுத்துவிட்டுக் கேட்டார்:
"ஏறலாமா மேடம்?"

இந்த வேலையில் கேள்வி இது ஒன்றுதான்.
மற்றதெல்லாம் காகிதம்.

"ஏறலாம்" என்றேன்.
கணீரென்று இருந்தது.
எனக்கே பிடித்திருந்தது.

நாலடி ஏறியிருப்பார்.
இருட்டில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.
வெள்ளைக்கண்ணு. தினக்கூலி.
கிளை இழுத்துப்போட வந்தவர்.
"முக்கு வீட்ல கல்யாணங்க.
ஜெனரேட்டர் ஓடுதுங்க.
மெயின அமத்தாம போட்ருந்தாகன்னா..."
முடிக்கவில்லை.
முடிப்பது தன் வேலையில்லை என்பதுபோல்
தலையிலிருந்த சாக்கைச் சரிசெய்துகொண்டார்.

எனக்கு முதலில் வந்தது கோபம்.
அதை மறைத்தால் இதை எழுதவே வேண்டாம்.
ஐந்து மாதமாய்ச் சேர்த்த குரல்
தெருவே பார்க்க நனைந்துபோவதா என்று
ஒரு நொடி நின்றேன்.
அந்த நொடியில்
அடைக்கலம் இன்னும் ஓரடி ஏறினார்.

"இறங்குங்க!"
"என்ன மேடம்?"
"இறங்குங்க. நான் சொன்னது தப்பு.
சோதிச்சுப் பாக்காமச் சொல்லிட்டேன்."

தப்பு என்ற சொல்
மழையைத் தாண்டி இத்தனை குடைகளுக்குக் கேட்குமென்று
அதுவரை தெரியாது.

கழியில் கட்டிய சோதனை விளக்கை
கம்பியில் வைத்தோம்.
எரிந்தது.
மூன்று தெரு இருட்டில்
அந்தக் குண்டு பல்பு மட்டும்
ஒன்றும் நடக்காததுபோல எரிந்தது.

முக்கு வீட்டு முகப்பில் நுழைந்து
ஆத்தங்குடிக் கல்லெல்லாம் செம்மண் மிதித்து
வளவு நடுவில் நின்று கத்தினேன்:
"நிறுத்துங்க! இப்பவே!"
பந்தியில் இலைகள் நிமிர்ந்து பார்த்தன.
பெண்ணுக்கு அப்பா, நாச்சியப்பன்,
சந்தனக் கிண்ணத்தோடு ஓடி
அவரே அணைத்தார்.
"மேல ஆள் இருக்காகளா?" என்று மட்டும் கேட்டார்.
அவ்வளவு கத்தியிருக்க வேண்டாம்.
வாசலில் விட்டதை
வளவில் வசூலிக்கப் பார்த்திருக்கிறேன்.

அந்த ஜெனரேட்டருக்கு
வெள்ளைக்கண்ணுவைக் காவல் வைத்தேன்.
"யாரு சொன்னாலும் போட விடாதீங்க."
"நீங்க சொன்னாலுமாங்க?"
"நேர்ல வந்து சொன்னாத்தான்."

மறுபடி விளக்கு. எரியவில்லை.
எர்த் கட்டினோம்.
இன்னொரு தரம் விளக்கு.

"ஏறலாமா மேடம்?"

தவறிய அதே வாயால்
திரும்பச் சொல்ல வேண்டும்.
எனக்கென்ன தெரியும் என்று கைகட்டிக்கொண்டு
ஜீப்பில் போய் உட்கார முடியாது.
கம்பத்தில் இருக்கிறவருக்கு
என் அடக்கம் எதற்கு?
மிதித்தால் உடையாத ஒரு சொல் போதும்.

"ஏறலாம்."

பதினொன்றே காலுக்கு வெளிச்சம் வந்தது.
தெரு 'ஓ'வென்றது.
சட்டையைப் பிழிந்தபடி அடைக்கலம் சொன்னார்:
"மொதத் தடவ சொன்னதுதான் மேடம்
கம்பீரமா இருந்துச்சு."
சிரித்துவிட்டேன்,
தருமபுரியில் சிரிப்பது மாதிரி.

காலையில் பதிவேட்டில் எழுதினேன்.
9.40 அனுமதி. சோதிக்காமல் கொடுத்தது, என் தவறு.
9.41 ரத்து.
ரத்துக்குக் காரணமானவர் என்று
அதில் கட்டம் எதுவும் இல்லை.
கோட்டுக்கு வெளியே, ஓரத்தில்,
வெள்ளைக்கண்ணு என்று எழுதி
தகப்பனார் பெயருக்கு இடம் விட்டிருக்கிறேன்.
கேட்க வேண்டும்.